தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் போஸ்டிங்கா? சேருமுன் கொஞ்சம் பேசுவோம்

"தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்" என்று சினிமாவில் வில்லன் மிரட்டும்போது எங்கள் பக்கத்துத் தியேட்டரில் ஒரு சிரிப்பு எழும். அந்தக் காடு நாம்தான் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். கவுன்சிலிங்கில் அஞ்செட்டி, ஏரியூர், சித்தேரி என்று பெயர் வந்ததும் சிலருடைய முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். 1997-ல் பென்னாகரம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளிக்கு ஆர்டர் வந்தபோது என் முகமும் அப்படித்தான் போனது. மூன்று வருடத்தில் மாறுதல் வாங்கிவிடலாம் என்று நினைத்து வந்தவள், இரண்டு மாவட்டத்திலுமாக இருபத்தாறு வருடம் இருந்தேன். கடைசி ஒன்பது வருடம் தளிப் பக்கம் தலைமை ஆசிரியர்.

புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கும், பதவி உயர்வில் முதன்முறையாக எச்.எம். நாற்காலியில் உட்காரப் போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பாடம் நடத்தும் முறை இதில் அதிகம் இருக்காது. அதற்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். நான் சொல்ல வருவது வேறு. இந்த ஊர்ப் பிள்ளைகளைப் பற்றி நீங்கள் முதலில் எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாக இருக்கும். என்னுடையது இருந்தது, அதுவும் பல தடவை. முடிவு எடுக்குமுன் இன்னொரு கேள்வி கேட்கும் பழக்கம் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

1. சேருமுன் ஒருமுறை பஸ்ஸில் வாருங்கள்

பைக் வேண்டாம், கார் வேண்டாம். பிள்ளைகள் ஏறும் அதே டவுன் பஸ்ஸில், அவர்கள் வரும் அதே நேரத்தில் வாருங்கள். எந்த நிறுத்தத்தில் யார் ஏறுகிறார்கள், பஸ் எங்கே நின்றுவிடுகிறது, அதற்கு மேல் எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்துவிட்டால், ஒன்பதரைக்கு வேர்த்து விறுவிறுத்து வாசலில் நிற்கும் பிள்ளையிடம் "மணி என்ன?" என்று கேட்க வாய் வராது.

இரண்டு மாவட்டமும் முன்பு சேலத்தோடு இருந்தவை. தருமபுரி 1965-ல் தனி மாவட்டமானது. அதிலிருந்து 2004-ல் கிருஷ்ணகிரி பிரிந்தது. வரைபடத்தில் ஒட்டி இருந்தாலும் ஊருக்கு ஊர் பிழைப்பு வேறு. ஓசூரில் சிப்காட், அங்கிருந்து தளி வரைக்கும் ரோஜாத் தோட்டம், ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி மண்டி, கிருஷ்ணகிரியைச் சுற்றி மாந்தோப்பும் மாங்கூழ் ஃபாக்டரியும், பென்னாகரம் பக்கம் மழையை நம்பிய மேட்டுக்காடு. உங்கள் பள்ளி இதில் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஒரு பிள்ளை எந்த மாதம் வகுப்பில் இருக்காது என்பது அதைப் பொறுத்தது. கீழே அதற்கு வருகிறேன்.

தஞ்சாவூரிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிறவர்களுக்கு ஒரு சின்னக் குறிப்பு: "சாப்பிட்டியா?" என்று கேட்டு, "களி" என்று பதில் வந்தால் "வேற ஒண்ணும் இல்லையா?" என்று கேட்காதீர்கள். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் இங்கே வயிறு நிறைந்த சாப்பாடு.

2. முதல் நாள் சமையலறைக்குப் போங்கள்

கையெழுத்துப் போட்ட கையோடு சத்துணவுச் சமையலறைக்குப் போய், சமைக்கும் அம்மாவிடம் உங்கள் பெயரைச் சொல்லி அவர் பெயரைக் கேளுங்கள். மரியாதைக்கு மட்டும் சொல்லவில்லை, உங்கள் வேலைக்கே அது தேவை. யார் இரண்டாம் தடவை தட்டை நீட்டுகிறான், யார் முட்டையைச் சாப்பிடாமல் தங்கச்சிக்கு எடுத்து வைக்கிறாள், எவன் திங்கட்கிழமை மட்டும் அள்ளி அள்ளிச் சாப்பிடுகிறான் என்பது எமிஸ் என்ற ஆன்லைன் பள்ளிப் பதிவேட்டில் ஏறாது. அந்த அம்மாவுக்குத் தெரியும்.

காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு எல்லா அரசுத் தொடக்கப் பிள்ளைகளுக்கும் வந்தது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை. நடுநிலைப் பள்ளியில் வேலை பார்த்தால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: காலையில் கிச்சடி வாசம் வரும்போது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வராண்டாத் தூண் பக்கமாக நின்றுகொண்டிருப்பார்கள். போன வருடம் வரை தட்டோடு உட்கார்ந்தவர்கள். இப்போது தம்பியைக் கூட்டி வந்து விட்டுவிட்டு நிற்கிறார்கள். முதல் பீரியடில் "தூங்கி வழியறான்" என்று நாம் எழுதுகிற பையன் அவர்களில் ஒருவனாக இருக்கலாம். எங்கள் பள்ளியில் ஸ்டாஃப் ரூமில் ஒரு டப்பாவில் பொட்டுக்கடலையும் வெல்லமும் வைத்திருந்தோம். யாரையும் கூப்பிட்டுக் கொடுக்க மாட்டோம். "அந்த சாக்பீஸ் பெட்டியை எடுத்துட்டு வா கண்ணு, அப்படியே ஒரு பிடி எடுத்துக்கோ" என்பதோடு சரி.

3. தமிழ் வரவில்லை என்றால் கணக்கு வரவில்லை என்று பொருளில்லை

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் வீட்டுப் பேச்சு. அங்கே தெலுங்கு வழி, கன்னட வழி அரசுப் பள்ளிகளும் உண்டு. நகரங்களில் உருது பேசும் வீடுகள் நிறைய. சிட்லிங்கிப் பக்கம் லம்பாடி. மலையோரங்களில் இருளர் பிள்ளைகள் பேசுவது கேட்கத் தமிழ் போல இருக்கும், ஆனால் நம் புத்தகத் தமிழ் அவர்களுக்கு எட்ட நாளாகும். தமிழ் கற்றல் சட்டம் 2006-ல் வந்த பிறகு எல்லாப் பள்ளியிலும் தமிழ் கட்டாயப் பாடம். சரி, பாடம் கட்டாயம். ஆறு வயதில் வாசலுக்கு வரும் பிள்ளையின் வாயில் அன்றைக்கு இருக்கும் மொழி எது என்பது தனிக் கதை.

தளிப் பக்கம் சேர்ந்த முதல் மாதத்தில் இரண்டாம் வகுப்புக்குப் போனேன். ஒரு பையன் முன்னால் ஒரு கை புளியங்கொட்டையைப் பரப்பி, "எத்தனை இருக்குன்னு எண்ணு" என்றேன். கொட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். மறுபடி கேட்டேன். பேச்சில்லை. நோட்டில் "எண்ணத் தெரியவில்லை" என்று எழுதினேன். பக்கத்தில் இருந்த சிறுமி நான் எழுதுவதை எட்டிப் பார்த்துவிட்டு, "அவனுக்கு நீங்க சொல்றது புரியல மேடம்" என்று சொல்லி, அவன் பக்கம் திரும்பி "லெக்கபெட்டு ரா" என்றாள். அவ்வளவுதான். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று ஒவ்வொரு கொட்டையாக விரலால் இந்தப் பக்கம் தள்ளிக்கொண்டே முப்பத்தேழு வரை போனான். முப்பத்தேழாவது கொட்டை பாதி உடைந்தது. அதை எண்ணலாமா வேண்டாமா என்று அந்தச் சிறுமியிடம் கேட்டான்! உடைந்த கொட்டையைப் பற்றிச் சந்தேகம் வரும் அளவுக்குக் கணக்குத் தெரிந்தவனைத்தான் நான் எண்ணத் தெரியாதவன் என்று எழுதியிருந்தேன். பேனாவால் அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்று அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் விட்டேன்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் வாரத்தில் பிள்ளைகளிடம் அவர்கள் வீட்டுச் சொல் பத்து கற்றுக்கொள்ளுங்கள்: தண்ணீர், பசி, வலி, வா, உட்கார், பயப்படாதே. நீங்கள் தப்பாகச் சொல்லுவீர்கள். வகுப்பு கொல்லென்று சிரிக்கும். சிரிக்கட்டும். டீச்சர் தப்பாகச் சொல்லலாம், யாரும் அடிக்கவில்லை, மறுபடி சொல்லிப் பார்க்கிறார் என்று பார்த்த பிள்ளை, நாளைக்குத் தமிழில் தப்பாகப் பேசக் கூச்சப்படாது. மூன்றாம் வாரம் அந்தப் பையன் என்னிடம் தமிழில் கேட்ட முதல் வாக்கியம், "மேடம், கொட்டை உண்டா?"

4. வாயை மூடிக்கொண்டு சிரிக்கும் பிள்ளை

இது நான் செய்த தப்பு. எழுதக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பென்னாகரம் பக்கம் முதல் வருடம். ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண் பேசும்போதெல்லாம் கையால் வாயை மறைப்பாள். ஒருநாள் வாசிக்கச் சொன்னேன். கையை எடுக்கச் சொன்னேன். பற்கள் பழுப்பாக, திட்டுத் திட்டாக இருந்தன. "தினமும் பல் தேய்க்கிறதில்லையா? டீச்சர் முன்னால இப்படியா வர்றது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். சுத்தம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று நினைப்பு. அவள் வாசிக்கவில்லை. அடுத்த இரண்டு நாள் வரவும் இல்லை.

அந்த வாரம் பள்ளிக்கு வந்த கிராம சுகாதார நர்ஸிடம் இதைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் பள்ளி போர்வெல்லைக் காட்டினார். இந்த இரண்டு மாவட்டத்தின் பாறைகளிலிருந்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கரைகிறது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. அதற்கு மேலுள்ள தண்ணீரைச் சிறு வயதில் குடித்து வளரும் பிள்ளைக்கு, ஈறுக்குள்ளே பல் உருவாகும்போதே கறை ஏறிவிடுகிறது. முளைக்கும் பல்லே பழுப்பாகத்தான் முளைக்கும். தேய்த்தால் போகாது. வேப்பங்குச்சியும் செங்கல் பொடியும் போட்டு ஈறில் ரத்தம் வரத் தேய்த்துப் பார்த்த பிள்ளைகள் உண்டு என்றார் நர்ஸ். அவள் அவர்களில் ஒருத்தி.

அவள் வந்த அன்று காலை, அதே வகுப்பில், அதே இடத்தில் நின்று, "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. உன் பல்லுக்குக் காரணம் நீ இல்லை, தண்ணீர். எனக்குத் தெரியாம பேசிட்டேன், மன்னிச்சிடு" என்றேன். அப்புறம் கரும்பலகையில் ஒரு பல் வரைந்து, தண்ணீர் பற்றி அரை மணி நேரம் எல்லோருக்கும் சொன்னேன். சக ஆசிரியர் ஒருவர், "இப்படி இறங்கிப் போனா கிளாஸ் கண்ட்ரோல் போயிடும்" என்று எச்சரித்தார். போகவில்லை. அந்தப் பெண் உடனே கையை எடுத்துவிட்டாள் என்று கதை கட்டமாட்டேன். வருடக் கடைசி வரை மறைத்துக்கொண்டுதான் பேசினாள். ஆனால் வாசித்தாள்.

பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதற்கு ஒரு முறை உண்டு. பத்துப் பேர் முன்னால் சொன்னதைத் தனியாகக் கூப்பிட்டுத் திரும்ப வாங்க முடியாது. சொன்ன இடத்திலேயே கேட்க வேண்டும். இரண்டு வாக்கியம் போதும். "ஆனா நீயும்..." என்று மூன்றாவது வாக்கியம் தொடங்கினால் கேட்டதற்கு அர்த்தமில்லை.

2013 முதல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வருகிறது. ஆனாலும் குழாய் வராத நாளில் போர்வெல்தான் கை கொடுக்கிறது. உங்கள் பள்ளியில் பிள்ளைகள் குடிப்பது எந்தத் தண்ணீர் என்று முதல் வாரமே பாருங்கள். ஆனால் பிள்ளைகளின் பல்லைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

5. "ஏன் வரல?" என்று கேட்பதற்கு முன்னால்

வராத பிள்ளை திரும்பி வரும் நாளில் நாம் வழக்கமாகக் கேட்பது "ஏன் நாலு நாளா வரல?" பதிலும் வழக்கமானது: "ஜுரம் மேடம்." கேள்வி அப்படி என்றால் பதிலும் அப்படித்தான். "நேத்து கணக்குப் பீரியட்ல உன்னைத் தேடினேன்" என்று தொடங்கிப் பாருங்கள். ஜுரத்துக்குப் பதில் வேறு ஏதாவது வரும்.

வராமல் போவதற்கு இங்கே ஒரு பருவகாலக் கணக்கு உண்டு. நோட்டில் மாதம் போட்டு எழுதி வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் ராகி அறுப்பு. தளி, தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் என்றால் அந்த நேரத்தில் பன்னேர்கட்டாப் பக்கமிருந்து யானைகள் வரும். அப்பாவோடு பரணில் இரவு காவல் இருந்த பையனுக்கு முதல் பீரியடில் கண் சொக்கத்தான் செய்யும். தையிலிருந்து பங்குனி வரை புளி. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை எடுத்துத் தட்டுவதற்குக் கிலோக் கணக்கில் கூலி. வீட்டோடு உட்கார்ந்து செய்கிற வேலை, அதனால் பிள்ளைகளின் கையும் சேரும். நகக்கண் பழுப்பாகி, விரல் நுனியில் வெடிப்பு இருந்தால் பென்சில் பிடிக்க எரியும். "கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு" என்று சொல்வதற்கு முன் விரலைப் பாருங்கள். சித்திரை தொடங்கி மாங்காய். கோடையில் ஊர் ஊராக பாரதக் கூத்து. விடிய விடியக் கூத்துப் பார்த்துவிட்டுத் துரியோதனன் படுகளம் அன்றைக்கு எவன் வருவான்? நானே போயிருக்கிறேன், அதனால் இதில் தீர்ப்புச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

எல்லாவற்றையும் விடப் பெரியது பெங்களூர். சென்ட்ரிங், பெயின்டிங், கொத்து வேலை என்று அப்பாவும் அம்மாவும் போய்விட, பிள்ளை ஆயாவிடம், அதாவது பாட்டியிடம், இருக்கும். தெலுங்கு வீடு என்றால் அவ்வா. இந்தப் பிள்ளையிடம் "நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வா, இல்லன்னா உள்ளே வராதே" என்று சொன்னால், பொங்கல் வரைக்கும் வராதே என்று சொன்னதாக ஆகும். இதையும் நான் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்குப் போவது எப்படி? சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் போங்கள், கூலி வேலை முடிந்து ஆள் இருக்கும் நேரம். அந்தத் தெருப் பிள்ளை ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நோட்டையும் பேனாவையும் பையிலிருந்து எடுக்காதீர்கள், ஏதோ கணக்கெடுக்க வந்திருக்கிறார்கள் என்று பயப்படுவார்கள். போட்டோ வேண்டவே வேண்டாம். உட்காரச் சொன்ன இடத்தில் உட்காருங்கள், கொடுத்த தண்ணீரைக் குடியுங்கள். எந்தத் தெருவில் யார் வீட்டில் டீச்சர் தண்ணீர் குடித்தார், யார் வீட்டில் வேண்டாம் என்றார் என்பது மறுநாள் காலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். சாதி பார்க்கிற ஊரில் அந்த ஒரு டம்ளருக்கு உங்கள் ஓராண்டுப் பாடத்தைவிட எடை அதிகம். அப்புறம், பிள்ளையைப் பற்றி ஒரு நல்ல விஷயம் கையில் வைத்துக்கொண்டு போங்கள். பொய் வேண்டாம், தேடினால் கிடைக்கும்.

நான் போன ஒரு வீட்டில் ஆயா மட்டும் இருந்தார். சாணம் மெழுகிய திண்ணை, மூலையில் புளிக் குவியல்.

"வாங்க டீச்சரம்மா. பையன் ஏதாச்சும் பண்ணிட்டானா?"

"ஒண்ணும் பண்ணல ஆயா. நல்லா படம் வரையறான், அதைச் சொல்லத்தான் வந்தேன்."

ஆயா என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதைச் சொல்ல ஒரு டீச்சர் இத்தனை தூரம் நடந்து வருவாளா என்ற பார்வை. கொஞ்ச நேரம் மழை, ஆடு என்று போனது. கிளம்பும்போதுதான் சொன்னார்: "எனக்குக் கண்ணு சரியாத் தெரியறதில்ல டீச்சரம்மா. ராத்திரி அடுப்பு அவன்தான் பாக்கறான். காலைல எழுப்பவும் ஆளில்ல." நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஜுரம் என்றுதான் சொல்லியிருப்பார். அடுத்த நாளிலிருந்து பக்கத்து வீட்டுப் பிள்ளை அவனை எழுப்பிக் கூட்டி வந்தது. கண் பரிசோதனை முகாமுக்கு ஆயாவை அனுப்ப ஆறு மாதம் ஆனது, அது வேறு அலைச்சல். அப்பாவின் நம்பரை வாங்கி ஞாயிற்றுக்கிழமைகளில் போன் போட்டேன். மற்ற நாளில் போட்டால் மேஸ்திரி எடுப்பார்.

எட்டாம் வகுப்போடு பெங்களூர் போன ஒரு பையனின் வீட்டுக்கும் இதே மாதிரி இரண்டு தடவை போனேன். வரவில்லை. சில வீட்டில் அப்படித்தான்.

6. பிரம்பு பற்றி

சேர்ந்த வாரமே ஏதாவது ஒரு அப்பா வந்து, "கண்ணை மட்டும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிடுங்க சார்" என்பார். அதை அனுமதிக் கடிதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கல்வி உரிமைச் சட்டம், 2009, பிரிவு 17 உடல் தண்டனையையும் மனத்தைப் புண்படுத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. இரண்டாவது பாதியை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம். பிரம்பைக் கீழே போட்டவர்களில் பலர் நாக்கை எடுத்துக்கொண்டார்கள், நான் உட்பட. "நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பதை மாடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளையிடம் சொன்னால் யாரைச் சொல்கிறோம் என்று யோசியுங்கள்.

சத்தம் போடும் வகுப்பில் எனக்குப் பலித்தது ஒன்றுதான்: குரலைத் தாழ்த்துவது, அப்புறம் கலாட்டாவுக்குத் தலைவனை வகுப்பு முடிந்தபின் இரண்டு நிமிஷம் வராண்டாவில் நிறுத்திப் பேசுவது. கூட்டம் இல்லாத இடத்தில் எந்தப் பையனும் பெரிய ரவுடி இல்லை.

7. கல்யாணப் பேச்சு காதில் விழுந்தால்

இங்கே அன்பு மட்டும் போதாது, சட்டமும் தெரிய வேண்டும். இந்த இரண்டு மாவட்டத்திலும் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பெண்ணுக்குக் கல்யாணம் பேசுவது இன்னும் நின்றபாடில்லை. கோடை விடுமுறைக்கு முன் திடீரென்று டி.சி. கேட்பது, தோழிகள் கிசுகிசுப்பது, நன்றாகப் படித்தவள் பேசாமல் ஆவது, இவை அறிகுறிகள்.

ஒரு பிள்ளை தனியாக வந்து, "யார்கிட்டயும் சொல்லாதீங்க மேடம்" என்று தொடங்கினால், "சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் பண்ணாதீர்கள். "உன்னைக் காப்பாத்த யார்கிட்ட சொல்லணுமோ அவங்ககிட்ட மட்டும் சொல்வேன், உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று சொல்லுங்கள். பெண்ணுக்குப் பதினெட்டு ஆகாமல் கல்யாணம் என்றால் 2006-ம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டப்படி குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம். பாலியல் தொந்தரவு என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி உடனே தெரிவித்தாக வேண்டும். தெரிந்தும் சும்மா இருந்தால் அதுவே குற்றம். பள்ளி மானம் போய்விடும் என்று யார் சொன்னாலும், அவர் நமக்கு மேலே இருப்பவரே ஆனாலும், கேட்காதீர்கள். பிள்ளையின் பெயர் ஸ்டாஃப் ரூம் பேச்சில் அடிபடக் கூடாது.

கல்யாணத்தை நிறுத்த வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். அது வேறு ஆட்கள் செய்ய வேண்டிய வேலை. உங்கள் வேலை அதற்குப் பல மாதம் முன்பே தொடங்குகிறது: அம்மாவோடு பழக்கம் வைத்துக்கொள்வது. அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதை எட்டாவதிலேயே சொல்லுங்கள். பத்தாவது ரிசல்ட் வந்த பிறகு சொன்னால் பந்தல்காரருக்கு அட்வான்ஸ் போயிருக்கும்.

8. எச்.எம். ஆகிவிட்டீர்களா?

முதல் மாதம் எதையும் மாற்றாதீர்கள். டைம்டேபிள், அசெம்பிளி, பூந்தொட்டி இருக்கும் இடம், எதையும். சும்மா பாருங்கள். நான் வந்த மூன்றாம் நாளே மதிய மணியை இருபது நிமிஷம் தள்ளிப் போட்டேன். பக்கத்து ஊர் அங்கன்வாடியிலிருந்து தம்பிகளைக் கூட்டி வரும் பிள்ளைகளுக்காகத்தான் பழைய நேரம் வைத்திருந்தார்கள் என்று இரண்டு வாரம் கழித்துத் தெரிந்தது. மறுபடி மாற்றினேன், அசடு வழிந்துகொண்டு.

பள்ளியிலேயே கஷ்டமான வகுப்பை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டாஃப் மீட்டிங்கில் கடைசியாகப் பேசுங்கள். எச்.எம். முதலில் பேசிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டு டீ குடிப்பார்கள். தாமதமாக வரும் ஆசிரியருக்கு ரிஜிஸ்டரில் சிவப்பு மை போடுமுன் அதே இன்னொரு கேள்வி. சேலத்திலிருந்து தினம் வந்துபோன ஒரு டீச்சருக்கு நான் மூன்று தடவை சிவப்புப் போட்டேன். நான்காம் தடவைதான் கேட்டேன். அவர் வரும் பஸ்ஸின் நேரத்தையே மாற்றியிருந்தார்கள். முதல் பீரியடை இன்னொருவரோடு மாற்றிக் கொடுத்ததும் தீர்ந்தது. ஆய்வுக்கு அதிகாரி வந்து குறை சொன்னால், "அது அந்த டீச்சர் பொறுப்பு சார்" என்ற வார்த்தை உங்கள் வாயில் வரவே கூடாது. அப்படி ஒருமுறை வந்துவிட்டால், அப்புறம் யாரும் உங்களிடம் உண்மை நிலவரம் சொல்ல மாட்டார்கள்.

உங்கள் அறையில் எதிரே எத்தனை நாற்காலி இருக்கிறது? ஒன்று என்றால், வருகிற அம்மா நின்றுகொண்டேதான் பேசுவார். ஒரு பெஞ்சு போடுங்கள். வெளியே காக்க வைக்காதீர்கள், அவர் அரை நாள் கூலியை விட்டு வந்திருக்கிறார். இது அதியமான் ஆண்ட தகடூர். அவன் வாசலில் காத்திருக்க நேர்ந்தபோது ஔவையார் வாயில்காவலனிடம் என்ன பாடினார் என்று உங்கள் தமிழாசிரியரைக் கேட்டுப் பாருங்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்று சட்டம் சொல்கிறது. காகிதத்தில் சரியாக இருக்கும். கூட்டத்தில் கவனித்தால் பெண்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுவரோரம் நிற்பார்கள், அவர்கள் சார்பில் வீட்டு ஆண்கள் பேசுவார்கள். நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். ஆசிரியர்களும் வட்டத்துக்குள் உட்காரட்டும். தெலுங்கில் பேசினால் தெலுங்கிலேயே பேச விடுங்கள், ஒரு பிள்ளை தமிழில் சொல்லும். எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகள் கழிவறைக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று முதன்முதலில் சொன்னது அப்படிப் பேசிய ஒரு அம்மாதான். நான் அந்தப் பக்கம் தினம் நடந்தவள்.

9. போகும்போது விட்டுச் செல்ல ஒரு நோட்டு

மாறுதல் வரும். போகும்போது சாவிக்கொத்தையும் ஸ்டாக் ரிஜிஸ்டரையும் ஒப்படைப்போம். கூடவே ஒரு நாற்பது பக்க நோட்டு கொடுங்கள். வீட்டு ரகசியம், கல்யாண விவகாரம், வியாதி எதுவும் அதில் வேண்டாம். அடுத்து வருகிறவர் நீங்கள் செய்த தப்பையே முதல் வாரத்தில் செய்யாமல் இருக்க எது தேவையோ அது மட்டும். என் நோட்டின் கடைசிப் பக்கம் இப்படி இருந்தது:

"நான்காம் வகுப்பு, ஜன்னலோரம்: மனக்கணக்கைத் தெலுங்கில் போட்டுவிட்டுத் தமிழில் சொல்வான். ஒரு நொடி பொறுக்கவும்.

ஆறாம் வகுப்பு, அண்ணன் தங்கை இருவருக்கும் ஒரே குடை. மழை நாளில் ஒருவர் தாமதமாக வருவார்.

ஏழாம் வகுப்பு, கடைசி பெஞ்சு: சத்தமாகப் பேசினால் அழுவாள். காது கேட்கும்.

சமையல் அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சந்தை. உப்பு தீர்ந்தால் வியாழனே சொல்லிவிடவும்.

சாயந்திர பஸ் ஐந்தே முக்கால். சில நாள் வராது. தக்காளி வண்டிக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன், ரோட்டு முனையில் கை காட்டினால் நிறுத்துவார்."